‘இந்த ஒரு கமாண்ட் போதும்!’

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இனி கணினி என்னாகுமோ என்ற பயம் வீடுகளுக்குள் வந்தது. பயம் வந்த இடத்துக்கு வைத்தியர்களும் வந்துவிட்டார்கள். ‘பழைய கணினியிலும் விண்டோஸ் 11 ஏற்றலாம்’, ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை ஓடவிடுங்கள்’, ‘இந்த ஒரு கமாண்ட் போதும்’ என்று ரீல்ஸிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இலவச ஆலோசனை கொட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டுச் செய்து கணினி படுத்துவிட்டால், சொன்னவருக்குக் காலணா நஷ்டமில்லை, வியூஸ் மிச்சம்.

இதைக் கணினிப் பித்தர்களின் சில்லறைச் சண்டை என்று ஒதுக்க முடியாது. தவணையில் வாங்கிய மடிக்கணினியில்தான் மகளின் கல்லூரி புராஜெக்ட் இருக்கிறது. மொத்த வியாபாரியின் டேலி கணக்கும் ஜிஎஸ்டி விவரமும் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அவற்றில் பல, அந்த வீட்டின் முதல் கணினியாக இருக்கும். அது கெட்டுப்போனால் அந்த மாணவர் முதலில் கேட்கப்போவது சர்வீஸ் சென்டரை அல்ல, கையில் இருக்கும் போனை.

கேள்வி கேட்காத வைத்தியம்

சென்னை ரிச்சி தெருவில் நல்ல பெயர் எடுத்த எந்த மெக்கானிக்கிடமும் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று சொல்லிப் பாருங்கள். எப்போதிருந்து? ஆன் செய்ததுமேவா, ஒரு மணி நேரம் கழித்தா? ஃபேன் சத்தம் அதிகமா? ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? கடைசியாக என்ன ஏற்றினீர்கள்? இவற்றைக் கேட்ட பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுப்பார்.

காரணம் எளிது. ‘ஸ்லோ’ என்ற ஒரே குறைக்குப் பின்னால் ஏழெட்டுக் கோளாறுகள் இருக்கலாம். ஃபேனில் தூசி அடைத்துக்கொண்டால், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினியில் இருபது டேப் திறந்தால் அது திணறத்தான் செய்யும். டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கலாம். வைரஸும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

காணொலி கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அதற்கு. எனவே பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்கும் ஒன்றைச் செய்துகாட்டுகிறது.

நம்மூரில் மிகவும் பிரபலமான சிலவற்றைப் பார்ப்போம். ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, பூட் பகுதிக்குப் போய், பிராசசர் எண்ணிக்கையில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வேகம் கூடும் என்கிறார்கள். விண்டோஸ் எப்போதும் இருக்கிற எல்லா பிராசசர் கோர்களையும் பயன்படுத்தத்தான் செய்கிறது. அந்தக் கட்டம், மென்பொருள் எழுதுபவர்கள் குறைந்த கோர்களில் தங்கள் புரோகிராம் எப்படி ஓடும் என்று சோதிப்பதற்காக வைக்கப்பட்டது. அதனால் எண்ணிக்கையைக் குறைக்கலாமே தவிர, இல்லாத கோரை வரவழைக்க முடியாது. பக்கத்திலேயே ‘மேக்சிமம் மெமரி’ என்று இன்னொரு கட்டம். அதில் தவறான எண் விழுந்தால் கணினி மறுபடி பூட் ஆகாமலே போகலாம்.

இன்னொன்று, நோட்பேடில் ஒரே ஒரு வரி எழுதி ‘விபிஎஸ்’ கோப்பாகச் சேமித்து டபுள் கிளிக் செய்தால் ரேம் சுத்தமாகிவிடும் என்பது. அந்த வரி செய்வதெல்லாம் ஒரு பெயருக்குள் ஓர் எண்ணை வைப்பது மட்டுமே. அது எந்த ரேமையும் துடைப்பதில்லை. கருப்புத் திரையில் ‘ட்ரீ’ என்று தட்டினால் வரிகள் அருவியாகக் கொட்டும். அதைப் பார்த்துக் கணினி சுத்தமாகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. கணினியில் என்னென்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடும் கமாண்ட் அது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருப்பதும் இந்த ரகம்தான். திரையில் உள்ள ஐகான்களை மறுபடி வரைவதைத் தவிர அதற்கு வேலை கிடையாது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே இதைச் செய்து பழகியிருக்கிறது. கெடுதல் ஒன்றுமில்லை என்பதால் இதை மட்டும் விட்டுவிடலாம்.

அதிகாரபூர்வ உதவிப் பக்கங்களும் சளைத்தவை அல்ல. எந்தக் கோளாறைச் சொன்னாலும், கோப்புகளைச் சரிபார்க்கும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ கமாண்டை ஓட்டு, சரியாகவில்லையா, விண்டோஸை ரீசெட் செய் என்ற பதில் வரும். எந்த நோவுக்கும் சுக்குக் கஷாயம் என்பது போன்ற ஆலோசனை இது. ஸ்கேன்நவ் பெரும்பாலும் தீங்கற்றது, எப்போதாவது பலிக்கவும் செய்யும். அடுத்த வரியில் வரும் ரீசெட் அப்படியல்ல.

டேட்டா போகும் இடம்

அந்த வேடிக்கை வைத்தியங்களால் போவது பெரும்பாலும் நேரம் மட்டுமே. சில ஆலோசனைகளால் போவது திரும்ப வராது.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐத் தொடங்கும்போதே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. திருட்டுப்போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாமல் இருக்கச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு. வாங்கியவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த நிலையில் ‘பயாஸில் போய் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள், டிபிஎம்மை கிளியர் செய்யுங்கள்’ என்று ஒரு காணொலி சொல்கிறது. செய்தால், அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கடையில் யாரோ திறந்துகொடுத்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாமலும் இருக்கலாம். அப்போது எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பூட்டு அவரையும் உள்ளே விடாது.

‘டிக் டிக்’ என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்குக்கு இணையம் சொல்லும் மருந்து ஃப்ரீசர். பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்து எடுத்தால் உயிர் பெறுமாம். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். குளிரிலிருந்து நம்மூர் வெக்கைக்குள் எடுத்ததும் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு அதைச் சுழலவிட்டால் மிச்சமிருப்பதும் கீறப்பட்டுப் போகும். அதே டிஸ்க்கில் ‘செக்டிஸ்க்’ ஓட்டுங்கள் என்பதும் ஆபத்தான யோசனைதான். நொண்டும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிடும் வேலை அது. தவறுதலாக அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கிலேயே ஏற்றச் சொல்கிறார்கள். அழிந்த புகைப்படம் இருந்த இடத்தின் மேலேயே அந்த மென்பொருள் போய் உட்காரக்கூடும்.

வெள்ளம் வந்துபோனால் இன்னொரு ரகம் கிளம்பும். நனைந்ததை அரிசிப் பானைக்குள் புதைத்து வை, ஹேர் டிரையர் போடு, வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார். 2015-இல் சென்னையும் 2023 டிசம்பரில் சென்னையோடு தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியபோது நனைந்த கணினிகளுக்குக் கணக்கில்லை. கருவியைக் கெடுப்பது தண்ணீர் மட்டுமல்ல, அதோடு வந்து போர்டில் படியும் உப்பும் சேறும்தான். அரிசி இரண்டையும் உறிஞ்சாது. போனை அரிசியில் போடாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2024 ஜனவரியில் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியது. சார்ஜரைப் பிடுங்குவது, ஆன் செய்யாமல் இருப்பது, போர்டைக் கழுவத் தெரிந்தவரிடம் சீக்கிரம் கொண்டுபோவது, இவ்வளவுதான் வழி. ‘ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே’ என்ற ஆசைதான் பல போர்டுகளை முடித்துவைக்கிறது.

உப்பிய லித்தியம் பேட்டரியில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றச் சொல்லும் காணொலிகளும் உண்டு. அது தீப்பிடிக்கும். இதில் வாதிட எதுவுமே இல்லை.

நல்லெண்ணமும் சூதும்

தவறான ஆலோசனை எல்லாமே கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. 2002-இல் மின்னஞ்சல் வழியே ஒரு புரளி உலகம் சுற்றியது. அதில், கரடிப் பொம்மைப் படம் போட்ட ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்றிருந்தது. தேடியவர்களுக்கெல்லாம் அந்தக் கோப்பு கிடைத்தது, ஏனெனில் அது விண்டோஸோடு வந்த கோப்பு. அழித்தவர்கள் நன்றியோடு மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் இன்று செய்வதும் இதைத்தான்.

2014-இல் ஐபோனின் புதிய மென்பொருள் வந்தபோது, இனி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தே சார்ஜ் ஏற்றலாம் என்று விஷமிகள் விளம்பரம் போலவே படம் தயாரித்துப் பரப்பினார்கள். காவல் துறையினர் எச்சரிக்கும் அளவுக்கு அது போனது.

இப்போது நடப்பது அதைவிட மோசம். ரிப்பேர் ஆலோசனையே திருட்டுக்கான வழியாகிவிட்டது. 2024 முதல் பரவிவரும் ‘கிளிக்ஃபிக்ஸ்’ மோசடியில், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று ஓர் அறிவிப்பு வரும். சரிசெய்ய, விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று பொறுமையாகச் சொல்லித்தரும். ஒட்டப்படுவது, பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருளை இறக்கும் கமாண்ட். வைரஸை உள்ளே விடுவது நம் விரல்களே என்பதால் ஆன்டிவைரஸ்கூடச் சில சமயம் ஏமாந்துபோகிறது. 2025-இல் இதே வித்தையை டிக்டாக் காணொலிகளில் செய்தார்கள். விண்டோஸையும் ஆஃபீஸையும் இலவசமாக ஆக்டிவேட் செய்யலாம் என்ற ஆசை காட்டி. டிக்டாக் இங்கே தடைசெய்யப்பட்டது. ஆசை தடைசெய்யப்படவில்லை.

நம்பகமான பெயர்களும் தப்புவதில்லை. கணினியைச் சுத்தப்படுத்த உலகமே சிபாரிசு செய்த சிகிளீனரின் ஒரு பதிப்பில் 2017-இல் யாரோ நச்சு நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தப்படுத்தும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. காணொலிகளின் காதில் அது விழுவதில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது. அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, ‘சரிசெய்யும் கோப்பு’ என்ற பெயரில் நச்சு மென்பொருள்களை அனுப்பத் தொடங்கினார்கள். பிரச்சினை பெரிதாகும்போதுதான் போலி வைத்தியருக்கு நல்ல வியாபாரம்.

இயந்திரத்தைக் கேட்டால்?

‘சாட்ஜிபிடியைக் கேட்டுச் செய்தேன்’ என்பது கடைகளில் இப்போது கேட்கும் புதிய வாக்கியம். பிழைச் செய்தியை விளக்கிச் சொல்ல இந்தக் கருவிகள் உதவத்தான் செய்கின்றன. ஆனால் அவை கற்றது, நாம் இதுவரை பேசிய அதே இணையத்தில். 2024 மே மாதம் கூகுளின் செயற்கை நுண்ணறிவுத் தேடல், பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் பசை சேர்க்கச் சொன்னது. பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ எழுதிய கிண்டல்தான் அதற்கு ஆதாரம். பீட்சாவில் பசை என்றால் சிரித்துவிடுகிறோம். விண்டோஸ் 7 காலத்துக் கமாண்டை விண்டோஸ் 11-க்குச் சொன்னால் சிரிக்கும் அளவுக்கு நமக்குத் தெரிவதில்லை.

மனிதர்களின் அவசரமும் குறைவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட் எஸ்எஸ்டிகளைக் கொல்கிறது என்று ஜப்பானில் கிளம்பிய தகவல் சில நாட்களில் உலகைச் சுற்றியது. பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டை நீக்கிவிடுங்கள் என்று அறிவுரைகள் பறந்தன. எஸ்எஸ்டிகளுக்கான கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அந்தக் கோளாறைக் காண முடியவில்லை என்றது. தொடர்பு எதுவும் கண்டறியப்படவில்லை என்று மைக்ரோசாஃப்டும் அறிவித்தது. மறுப்பு காணொலிக்கு எவ்வளவு வியூஸ் கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்?

பழியை எல்லாம் காணொலிகள்மீது போடுவது நியாயமல்ல. வாரன்டி முடிந்த கணினியோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் ‘மதர்போர்டு போச்சு’ என்ற பதில்தான் பல நேரங்களில் முதலில் வருகிறது. தெருமுனைக் கடையோ, எதையும் கேட்காமல் ஃபார்மேட் செய்துவிடுகிறது. உதவிக் குறிப்புகளைத் தமிழில் தேடினால், இயந்திரம் மொழிபெயர்த்த, தமிழருக்கே புரியாத பக்கங்கள் கிடைக்கின்றன. கோவையிலோ கும்பகோணத்திலோ இருக்கும் ஓர் இளைஞர் தன் மேஜையில் கணினியைப் பிரித்துப் போட்டு, ‘இந்த ஸ்குரூவைக் கடைசியாகக் கழட்டுங்க’ என்று நம் பேச்சில் சொல்லும்போது அவரை நம்பத்தான் தோன்றும். அவர்களில் உண்மையாகவே திறமைசாலிகள் இருக்கிறார்கள். ரேம் மாற்றவும், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடவும் பல வீடுகளுக்குச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள்தான். திறமைசாலியும் புளுகரும் ஒரே மாதிரி தம்ப்னெயில் வைத்துக்கொண்டால் பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

என்ன செய்யலாம்?

முதலில் விண்டோஸ் 10 பயம். தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியிலேயே பதிந்துகொள்ளலாம்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு தேவையில்லை. அதற்குப் பிறகு லினக்ஸ் இருக்கிறது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. மிகப் பழைய பிராசசர்களில் இந்தக் குறுக்கு வழி முன்பு வேலைசெய்தாலும் 24எச்2 பதிப்பில் பூட்கூட ஆகாது. இதைச் சொல்லாத பழைய காணொலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எந்த ஆலோசனையைப் பின்பற்றும் முன்பும் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட வேண்டும். திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். ‘ஏதோ எரர்’ என்பதை வைத்து யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. இது எந்தப் பதிப்புக்கு, இந்தக் கமாண்ட் என்ன செய்யும், தவறினால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்ற மூன்றுக்கும் பதில் சொல்லாத காணொலியை மூடிவிடலாம். யார் சொன்னாலும், புரியாத ஒன்றை ரன் பெட்டியில் ஒட்டக் கூடாது. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் இடத்தோடு ஆலோசனையும் நின்றுவிட வேண்டும்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாமல், வாரன்டி அட்டையிலிருந்து எடுங்கள். பிரின்டர் வேலைசெய்யவில்லை என்று தேடிக் கிடைத்த எண்ணை அழைத்து, மறுமுனையில் சொன்னபடி, தொலைவிலிருந்து கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியை ஏற்றியவர்கள் வங்கிக் கணக்கையே இழந்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2019-லேயே அந்தச் செயலி வழி மோசடி பற்றி எச்சரித்தது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வைரஸ் சந்தேகம் என்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருப்பதே பலருக்குத் தெரியாத நல்ல சேவைகளில் இதுவும் ஒன்று.

அரசு மடிக்கணினி கொடுக்கும்போதே நாற்பது பக்கத்தில் தமிழ்க் கையேடு ஒன்றையும் பெட்டிக்குள் வைக்கலாம். மீட்பு எண்ணை எங்கே எழுதிவைப்பது, பேக்கப் எப்படி எடுப்பது, ஆன் ஆகவில்லை என்றால் எதை முதலில் பார்ப்பது, யாரை அழைப்பது என்ற அளவுக்கு இருந்தால் போதும். பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களைக் கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை கல்லூரி வளாகங்களிலேயே ரிப்பேர் முகாம் நடத்தலாம். பயிற்சி அவர்களுக்கு, பழுதுபார்ப்பு ஊருக்கு.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கருவிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான பரிந்துரையும் 2025-இல் வந்துவிட்டது. பழுதுபார்க்கும் கையேட்டை மாநில மொழிகளில் தரும் நிறுவனத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்று அதில் சேர்க்கச் சொல்லித் தமிழக அரசு கேட்கலாம். காணொலித் தளங்களோ, கமாண்ட் ஒட்டச் சொல்லும் காணொலிகளில் இயங்குதளத்தின் பதிப்பையும் தேதியையும் கட்டாயமாக்க வேண்டும்; தமிழில் வரும் புகாரைத் தமிழ் தெரிந்த ஒருவர் படிக்கவும் வேண்டும்.

சர்வீஸ் கடைகளுக்கு ஒன்று. கணினியை வாங்கி வைக்கும்போது எழுதித்தரும் ரசீதில் ‘டேட்டா தேவை / தேவையில்லை’ என்று ஒரு கட்டம் அச்சிட்டு, அதில் வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிய பிறகே ஃபார்மேட் செய்வது என்று கடைக்காரர் சங்கங்கள் முடிவெடுக்கலாம். புது ரசீதுப் புத்தகம் அடிக்கும்வரை ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.